பழைய கிதாருக்கு என்ன விலை தகும்?

நம் குடும்பங்களில் பெண்ணுக்கு வீணையோ பாட்டோ, பையனுக்கு மிருதங்கமோ வயலினோ கற்பிப்பது நெடுநாளைய வழக்கம். ஊரை விட்டு எத்தனை தூரம் வந்தாலும் அவ்வழக்கம் நம்மோடு வந்துவிட்டது. இப்பொழுது அவ்வரிசையில் கிதாரும் இடம் பிடித்துக்கொண்டது. கல்லூரிப் பிள்ளை கேட்கிறான். பள்ளிக்கூடத்துப் பெண்ணும் கேட்கிறாள். புதிது வாங்கச் சக்தி போதாதபோது இணையத்தில் பழைய சாமான் விற்கும் பக்கங்களைப் புரட்டுகிறோம். அங்கேதான் தலைசுற்றல் ஆரம்பமாகிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒருவர் 5,000 ரூபாய் என்கிறார், அடுத்தவர் 11,000 என்கிறார். மூன்றாமவரோ ‘விண்டேஜ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து 40,000 என்று சொல்லத் தயங்குவதில்லை. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதில் சேர்த்து வைத்த தொகையை எடுத்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் சிறிதன்று. ஆகவே இதைப்பற்றி நாம் விசாரித்தும் பார்த்தும் அறிந்தவற்றை அன்பர்களுக்குச் சொல்லத் துணிகிறோம்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை விற்பவருடைய ஆசை. ஒருவர் கையிலிருந்து பணம் இறங்கி மற்றொருவர் வாங்கிக்கொண்டால்தான் அதற்கு விலை என்று பெயர். அமெரிக்காவில் சிகாகோ நகரில் 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ரிவர்ப்’ என்னும் இணையச் சந்தை வாத்தியங்களுக்கென்றே ஏற்பட்டது. அங்கே நடந்து முடிந்த விற்பனைகளை வைத்துப் பல மாடல்களுக்கு விலைக்குறிப்புக் காட்டுகிறார்கள். ‘ஈபே’யிலும் விற்றுப்போனவற்றை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். அயல்நாட்டுக் கிதார் வாங்க எண்ணுவோர் இவ்விரண்டையும் பாராமல் பேச்சைத் தொடங்கலாகாது. ஆனால் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, அதுவே இந்நாட்டு விலை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பது இங்கே அருமையாகலாம். அங்கே போட்டி போட்டு வாங்கும் சரக்கை இங்கே கேட்பார் இல்லாமலும் போகலாம்.

நம் நாட்டு விளம்பரப் பக்கங்களில் முடிந்த விலை தெரிவதில்லை. அதற்கு ஒரே வழி பொறுமை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேண்டிய மாடலின் பெயரை எழுதி, காணும் விளம்பரம் ஒவ்வொன்றையும் தேதியோடு நாலு வாரம் குறித்து வாருங்கள். இரண்டே நாளில் மறைந்தது எது, மாதக்கணக்கில் கிடந்து மும்முறை விலை இறங்கியது எது என்பது தானே புலப்படும். மறைந்தவர்களிடம், “போய்விட்டதா? எவ்வளவுக்குப் போயிற்று?” என்று மரியாதையாகக் கேட்டால் பாதிப்பேர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

மேல்வரம்பாக வைத்துக்கொள்ள வேண்டியது அதே மாடலின் இன்றைய புது விலை. விற்பவர் முன்பு கொடுத்த விலை நமக்குச் சம்பந்தமில்லாதது. “நான் 18,000 கொடுத்தேன் சார்” என்பார். அதே கிதார் இன்று கடையில் தள்ளுபடி போக 14,000-க்குக் கிடைக்கும். சாதாரணக் கிதாராயின், நல்ல நிலையிலிருந்தால் புது விலையில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் கொடுக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். புதிது 12,000 என்றால் 6,000-இலிருந்து 8,000 வரை. அதிலும், வாசிக்கத் தகுந்தபடி சீர் செய்ய ஆகும் செலவைக் கழித்துவிட வேண்டும். உறை, தோள்வார், சுருதி பார்க்கும் கருவி எல்லாம் இனாம் என்று அடுக்குவார்கள். அவை சில நூறு ரூபாய்ச் சரக்கு.

நிலையைப் பார்ப்பது எப்படி? வீணையைப் பார்த்துப் பழகிய கண்களுக்குக் கிதார் அந்நியமன்று. குடம் உண்டு, தண்டி உண்டு, மேருவும் குதிரையும் உண்டு. மெட்டுக்களில் மட்டும் ஒரு பெரிய வித்தியாசம். வீணையின் மெட்டுக்கள் மெழுகில் பதிந்தவை. தேய்ந்தாலும் ஆசாரியை அழைத்து மெழுகை இளக்கி மீண்டும் மேளம் கட்டிக்கொள்ளலாம். கிதாரின் மெட்டு மரத்திலேயே அடித்து இறக்கப்பட்டது. தந்தி அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தால் அராவ வேண்டும், மிஞ்சினால் பிடுங்கிப் புதிது போடவேண்டும். மலிவுக் கிதாரில் அந்தக் கூலி கிதாரின் விலையையே எட்டிவிடும். ஆகையால் முதல் மூன்று மெட்டுக்களைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளம் முதலில் விழுவது அங்கேதான்.

அடுத்தது பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம். 2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் குற்றமில்லை. நாலைத் தாண்டினால் குழந்தையின் விரல் நொந்து ஒரே வாரத்தில் கிதார் பரண் ஏறிவிடும். தண்டி வில்லாக வளைந்ததனால் உயரம் வந்திருந்தால், பல கிதார்களில் தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். தண்டி குடத்தோடு சேரும் கோணமே மாறியிருந்தால் அக்கம்பியால் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம்: குதிரைமேல் நிற்கும் வெள்ளைத் துண்டு ஏற்கெனவே அடிவரை அராவப்பட்டிருக்கும், தந்தியோ இன்னும் உயரத்திலேயே நிற்கும். அத்தகைய மரக் கிதாரின் தண்டியைக் கழற்றி மீண்டும் பொருத்துவது பெரிய வேலை. விலையுயர்ந்த கிதாருக்குத்தான் அது கட்டும். மற்றதை விட்டு விலகுவதே உசிதம்.

குதிரையின் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்க்கவேண்டும். உள்ளே நுழைந்தால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்கத்தாவின் மழைக்கால ஈரத்திலும், கோடையில் அலமாரி உச்சியில் ஏறும் வெப்பத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த கிதாரில் இது சகஜம். மின்சாரக் கிதாரானால் ஒலிபெருக்கியில் இணைத்து ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு சின்னக் குறை. ஒரு பிக்கப் அடியோடு ஊமையாயிருந்தால் விலை இறங்கத்தான் வேண்டும்.

இனி இந்த ‘விண்டேஜ்’ விவகாரத்துக்கு வருவோம். வயது ஏறினால் மதிப்பும் ஏறும் என்பது கிதாரில் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில குறிப்பிட்ட மாடல்களுக்கே அந்த யோகம். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் நடத்திய தொழிற்சாலையை 1965-இல் சி.பி.எஸ். என்னும் பெரிய ஸ்தாபனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தவை, பின் செய்தவை என்று சேகரிப்போர் இன்றும் பிரித்தே விலை பேசுகிறார்கள். மார்ட்டின் கம்பெனியின் கதை நமக்கு இன்னும் சுவையானது. அவர்கள் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தில் கிதாரின் முதுகும் பக்கங்களும் செய்தார்கள். அம்மரம் கிடைப்பது அரிதாகவே, 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். இந்திய ரோஸ்வுட் வேறெதுவுமன்று. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வளரும் நம் ஈட்டி மரம். ஒரே மாடலில் பிரேசில் மரத்துக் கிதார் ஈட்டி மரத்துக் கிதாரைவிட மிக அதிகமாக விலை போகிறது. அருமைக்காகக் கொடுக்கும் பணம் அது. நாதத்துக்காக அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நம் ஈட்டியின் நாதத்தில் நாம் குறை காணவில்லை.

வயதை நிச்சயிக்க வழிகள் உண்டு. மார்ட்டின் கிதாருக்கு 1898-இல் 8000 என்ற எண்ணிலிருந்து வரிசை எண் இடத் தொடங்கினார்கள்; எண்ணைச் சொன்னால் ஆண்டைக் கண்டுவிடலாம். பழைய ஃபெண்டரின் எண்ணோ தண்டியின் பின்புறத் தகட்டில் இருக்கும். அத்தகட்டை நிறுத்துவன நாலு திருகாணிகள். ஒரு கிதாரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஐந்து நிமிஷம் போதும். அதனால் உள்ளே பார்க்கவேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியிலுள்ள பாகத்தில் எண்கள் பொறித்திருக்கும். 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி. 304-6312 என்றிருந்தால் அந்தப் பாகம் 1963-ஆம் ஆண்டு 12-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கிதார் அதற்கு முந்தியது என்று ஒருவர் சொன்னால், பாகம் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது சொல் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

மேனி தேய்ந்திருப்பதைக் கண்டும் ஏமாறலாகாது. 1995-இலிருந்து ஃபெண்டர் கம்பெனியே புதுக் கிதாரைச் சுரண்டித் தேய்த்துப் பழசுபோலச் செய்து, அதற்கு அதிக விலையும் வைத்து விற்கிறது! ‘லாஸூட்’ என்பது இன்னொரு மந்திரம். 1970-களில் ஜப்பானில் செய்த நகல் கிதார் எதற்கும் இப்பெயரை ஒட்டி விலையேற்றுவார்கள். வழக்கு நடந்தது மெய்தான். கிப்சனை வைத்திருந்த நார்லின் கம்பெனி, ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமேல் 1977-இல் தொடுத்தது. விவகாரமோ தலைப்பகுதியின் வடிவத்தைப்பற்றி. மற்ற கம்பெனிகளின் சரக்கெல்லாம் அதனால் உயர்ந்துவிடாது. பெயரையும் கூர்ந்து படிக்கவேண்டும்: கிப்சன் அமெரிக்கச் சரக்கு, கிவ்சன் நம் கல்கத்தாச் சரக்கு. இரண்டுக்கும் அதனதன் மதிப்பு உண்டு; ஒன்றின் விலையை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது.

மறுவர்ணம் பூசிய பழங்கிதாருக்கு, அசல் வர்ணத்தில் உள்ளதன் விலையில் ஏறக்குறையப் பாதி என்பது வியாபாரிகளின் கணக்கு. தலைப்பகுதி முறிந்து ஒட்டியதற்கும் அப்படியே. இந்தக் கணக்கு நம் அன்பர் ஒருவர் வீட்டில் உதவியது. மகளுக்குப் பேஸ் கிதார் வாங்கப் பூஜை போனஸிலிருந்து 15,000 ஒதுக்கி வைத்திருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர், 1970-களின் ஜப்பான் பேஸ் என்று 26,000 கேட்டார். பெண் தலைப்பகுதியின் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பக் கேட்டாள். மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு வந்த படத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. ரவீந்திர சரணியில் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் காட்டினார்கள். ஒட்டு உறுதியாயிருக்கிறது, வாசிக்கலாம், விற்கும்போது மட்டும் பாதிதான் வரும் என்றார் அவர். அதைச் சொல்லி 12,000-க்கு முடித்தார்கள். இன்றும் அவள் அதில்தான் வாசிக்கிறாள்.

பேஸ் வாங்குவோர் ஒன்றை மறப்பதுண்டு. மின்சார பேஸ் தனியே பேசாது. அதற்கென்று ஒலிபெருக்கி வேண்டும். 1951-இல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிஸிஷன் பேஸிலிருந்து இன்றுவரை அதன் தந்தி நீளம் பொதுவாக 34 அங்குலம். தந்திகளும் தடிமனானவை, கிதார்த் தந்தியைவிட விலை அதிகம். இவ்விரண்டையும் கூட்டியே மொத்தத் தொகையை நிச்சயிக்க வேண்டும்.

அயல்நாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்கவரியைக் கணக்கில் சேருங்கள். அது கிதாரின் விலைக்கு மட்டுமன்று, அனுப்பும் கூலியும் இன்ஷூரன்ஸும் கூடிய தொகைக்கு விதிக்கப்படும். பிரேசில் ரோஸ்வுட் கலந்த கிதாருக்கு 1992-இலிருந்து சர்வதேசக் கட்டுப்பாடு மிகக் கடுமை. உரிய அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்ட முடியாது.

பணம் அனுப்பும் விஷயத்தில் இரண்டே வார்த்தை. ‘ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முதலில் முன்பணம் அனுப்புங்கள்’ என்று வரும் மலிவு விளம்பரத்தை விட்டு விலகுங்கள். விற்பவராய் இருந்தால், பணம் பெறுவதற்கு யாரும் இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும்.

வெளியூரிலிருந்து ரயிலில் வருவதைப்பற்றி நாம் சொல்லாமலிருக்க முடியாது. அது நம் உத்தியோகம். தந்திகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, கெட்டிப் பெட்டியில் அசையாதபடி கட்டச் சொல்லுங்கள். தலை முறிவது பெரும்பாலும் பெட்டி விழுவதனால் மட்டுமல்ல, உள்ளே இடம் விட்டுக் கட்டுவதனாலும்தான். ஃபார்வர்டிங் நோட்டில் மதிப்பை எழுதி, அதற்குரிய சதவீதக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். அப்படிச் செய்யாத பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாயோடு நின்றுவிடும். பெட்டியோடு 6 கிலோ நிறுக்கும் கிதார் காணாமற்போனால் 300 ரூபாய்! சிறு கட்டணத்துக்குச் சோம்பி 20,000 ரூபாய்க் கிதாரை இவ்விதம் அனுப்புவோர் இன்றும் உளர். பெட்டி நசுங்கி வந்திருந்தால் கையெழுத்திட்டு எடுத்துப்போகாமல், அங்கேயே திறந்து பார்த்துச் சேதத்தைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்து, பார்சல் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் நஷ்ட ஈடு கோரவேண்டும். அதற்குப் பிந்தினால் கோரிக்கை செல்லாது.