வீட்டுக் கணிப்பொறிக்கும் பாதுகாப்புத் திருத்தம் அவசியமா?

வீட்டில் கணிப்பொறி வைத்திருப்போர் பலர், ‘அப்டேட்’ எனப்படும் பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு தொல்லையாகவே கருதுகின்றனர். தம்மிடம் திருடத் தக்க இரகசியம் ஏதுமில்லை என்பது அவர்கள் வாதம். 2017-ம் ஆண்டு மே மாதம் சித்தூர், திருப்பதிப் பகுதியில் நிகழ்ந்தது இவ்வாதத்திற்கு விடை கூறுகிறது.

அம்மாதம் 12-ம் தேதி ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் பரவத் தொடங்கிற்று. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கணிப்பொறிகள் முடங்கின. அவ்வாறு பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்.) திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் பாதிக்கப்பட்டன.

இந்நிரல் கோப்புகளைச் சங்கேத வடிவில் மாற்றிப் பூட்டிவிடும். திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்கும். மூன்று நாட்களுக்குப் பின் அத்தொகையை இரட்டிப்பாக்கும். இது பரவுவதற்கு எவரும் ஐயத்திற்குரிய கடிதத்தைத் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதியில் இருந்த ஒரு குறையின் வழியே, இயந்திரத்திலிருந்து இயந்திரத்திற்குத் தானே தாவியது. இணையத்தில் கண்ட முகவரிகளையெல்லாம் தட்டிப் பார்த்ததேயன்றி, உரியவர் செல்வரா ஏழையா என்று அது பார்க்கவில்லை.

இக்குறைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. அதாவது, மருந்து 59 நாட்கள் முன்னதாகவே கைக்கு எட்டியிருந்தது. ஒரு திருத்தம் வெளியானதும், துவாரம் எங்குள்ளது என்பது திருடர்களுக்கும் புலனாகிவிடுகிறது. ஆகவே அதன் பிறகு கழியும் ஒவ்வொரு நாளும், திருத்தாத இயந்திரத்திற்கு அபாயம் மிகுந்த நாளாகும்.

வீடுகளிலுள்ள ‘ரௌட்டர்’ கருவி, அழையாது வரும் தொடர்புகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் வீட்டு மடிக்கணினியைப் பள்ளியிலோ அலுவலகத்திலோ இணைக்கும்போது அக்காவல் உடன் வருவதில்லை. மாணவரின் மதிப்பெண் பட்டியலும், கள ஆய்வுக் குறிப்புகளும், குடும்பப் படங்களும் திருடனுக்குப் பயனற்றவையாயினும், இழந்தவருக்கு விலைமதிப்பற்றவை. அவ்விழப்பை அஞ்சியே மக்கள் பணம் தருவர் என்பதே இத்தகைய கொள்ளையின் அடிப்படை.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. திருத்தங்கள் தாமாகவே பதியும்படி அமைத்து, வேலையில்லாத நேரத்தை அதற்கு ஒதுக்குக.

2. திருத்தங்களைக் கணிப்பொறியின் அமைப்புப் பக்கத்திலிருந்தே பெறுக. மின்னஞ்சலில் வரும் ‘அப்டேட்’ இணைப்புகளை நம்பற்க.

3. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியுடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடனும் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. இவற்றைப் பயன்படுத்துவோர் புதிய பதிப்புக்கு மாற முயல்க.

4. முக்கியமான கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி வைக்க. திருத்தம் எல்லாத் தீங்கையும் தடுத்துவிடாது. ஆனால் நகல் உள்ளவரிடம் கொள்ளைக்காரனின் மிரட்டல் செல்லாது.