ஊருக்குப் போகாத புறா

காலையில் லயத்துக் கூரையில் புறா கத்தினால், "இன்னைக்கு ஊர்லேருந்து கடுதாசி வரும்" என்பார் என் பாட்டி. 1960களில் ஜாசின் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். பாட்டியோ 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். சில நாள் புறாக்களைக் காணாவிட்டால், "ஊருக்குப் போயிருக்கும், திரும்பி வரும்" என்பார். நானும் நம்பினேன்.

போன மாதம் என் பேரனும் அதையே கேட்டான். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து நம் தஞ்சோங் துவான் வழியாக வடக்கே போவதைப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம புறாவும் அப்படிப் போகுமா தாத்தா?"

போகாது. மலாய்க்காரர்கள் குரலையே பெயராக்கி 'தெகுகூர்' என்றழைக்கும் இந்தப் புள்ளிப்புறா, பிறந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து முடிக்கும் பறவை. ஐரோப்பாவின் காட்டுப்புறா ஒன்று குளிருக்கு முன் சகாரா பாலைவனத்தைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. குளிர் வந்தால் அங்கே இரை குறையும். அதனால்தான் அந்தப் பயணம். இங்கே குளிர்காலமே இல்லை. புல்விதை ஆண்டு முழுவதும் கிடைக்கும். நாலு குச்சியை அடுக்கி இரண்டு முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரை குறைந்தால் பக்கத்துக் காட்டுக்கோ வயலுக்கோ நகரும், அவ்வளவுதான்.

ஆனால் கடல் கடந்த புள்ளிப்புறாக்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் அவற்றை ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் கொண்டுபோய் விட்டார்கள். திரும்ப வழியில்லை. அங்கேயே கூடு கட்டிப் பெருகிவிட்டன. இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

"அப்போ பாட்டி காணோம்னு சொன்ன புறாவெல்லாம் எங்கே போச்சு?" என்றான் பேரன்.

பெரட்டுக் களத்துக்குப் பின்னால், யாரோ கோழிக்கு இறைத்த குருணையைப் பொறுக்கப் போயிருக்கும்.

பாட்டி கடைசிவரை ஊருக்குப் போகவில்லை. எங்கள் தோட்டமும் செம்பனைக்கு மாறியது. லயத்தை விட்டு நாங்கள் தாமானுக்கு வந்துவிட்டோம். இங்கேயும் விடிந்தால் மின்கம்பியில் ஒரு புறா கத்துகிறது. அது எங்கும் போகாது என்று தெரிந்த பிறகும், அந்தக் குரல் கேட்டால் என் கண் முதலில் வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குத்தான் போகிறது.