அணுவாயுதப் பரவல் தடையும் ஆறாம் உறுப்புரையும்

அணுவாயுதங்கள் பற்றிய சர்வதேச விவாதங்களிற் 'பரவல் தடை', 'ஆயுதக் களைவு' என்னும் இரு தொடர்கள் இணைபிரியாதவை போல ஒருங்கே வழங்கப்படுகின்றன. ஆயினும் இவை இரண்டும் ஒன்றல்ல. ஆயுதம் இல்லாத நாடு அதனைப் பெறாது தடுப்பது முன்னையது. ஆயுதம் உள்ள நாட்டை அதனைக் கைவிடச் செய்வது பின்னையது. முன்னையதிற் பெருமளவு வெற்றி கண்ட உலகம் பின்னையதில் ஏன் தடுமாறுகின்றது? இதற்கான விடை, 1968 யூலை 1ஆந் திகதி கைச்சாத்துக்கு விடப்பட்டு 1970 மார்ச் 5ஆந் திகதி நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே பெரிதும் பொதிந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பந்தம் உலக நாடுகளை இரு வகுப்பாகப் பிரிக்கின்றது. 1967 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் அணுவெடிப்பு நிகழ்த்திய நாடுகளே அதன்படி 'அணுவாயுத அரசுகள்' ஆகும். ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்சு, சீனா ஆகிய ஐந்தும் இவ்வகுப்பினுள் அடங்கின. ஏனைய நாடுகள் அணுவாயுதத்தை நாடுவதில்லை என உறுதியளித்தன. அதற்கு ஈடாக அவற்றுக்கு இரண்டு வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. அணுசக்தியைச் சமாதானத் தேவைகளுக்குப் பயன்படுத்தும் உரிமையை நான்காம் உறுப்புரை ஏற்றுக்கொண்டது. ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்துவதற்கும் ஆயுதக் களைவுக்கும் உரிய பேச்சுவார்த்தைகளை நல்லெண்ணத்துடன் நடத்தும் கடப்பாட்டை ஆறாம் உறுப்புரை விதித்தது.

இவ்விரு பக்கக் கடமைகளும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அணுவாயுதம் அற்ற நாடுகளின் கடமையைச் சர்வதேச அணுசக்தி முகவராண்மை கண்காணிக்கின்றது. அதன் பரிசோதகர்கள் அணுப்பொருட்களைக் கணக்கெடுக்கின்றனர், முத்திரையிடுகின்றனர், கணக்கிற் குறை காணின் விளக்கம் கோருகின்றனர். ஆறாம் உறுப்புரைக்கோ காலவரையறையும் இல்லை. கண்காணிப்பு அமைப்பும் இல்லை. இப்பாரபட்சத்தைச் சுட்டியே இந்தியா ஒப்பந்தத்திற் சேர மறுத்தது. அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் 1974லும் 1998லும் இந்தியா நிகழ்த்திய வெடிப்புகளும், 1998இற் பாகிஸ்தான் அளித்த எதிர்வெடிப்பும் அப்பாரபட்சத்தை நீக்கவில்லை. ஆயுதம் தாங்கியோரின் தொகையையே கூட்டின.

இக்குறைபாட்டைக் கொண்டு ஒப்பந்தமே பயனற்றது என முடிவு கட்டுவது தவறாகும். 1975ஆம் ஆண்டளவிற் பதினைந்து, இருபது நாடுகள் அணுவாயுதம் பெற்றுவிடக்கூடும் என 1963இல் அமெரிக்க சனாதிபதி கென்னடி அஞ்சினார். இன்றோ இசுரேல், வடகொரியா உட்பட ஒன்பது நாடுகளிடமே அவை உள்ளன. தென்னாபிரிக்கா தான் செய்த குண்டுகளைத் தானே கலைத்துவிட்டு 1991இல் ஒப்பந்தத்திற் சேர்ந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது தம் மண்ணில் எஞ்சிய ஆயுதங்களை உக்ரேன், கசக்ஸ்தான், பெலாரஸ் ஆகியன ரஷ்யாவிடம் ஒப்படைத்தன. ஆயுதமற்ற நாடுகளுள் மிகப் பெரும்பாலானவை தம் சொல்லைக் காத்துள்ளன.

தொடக்கத்தில் இவ்வொப்பந்தம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கே செய்யப்பட்டது. 1995இல் நியூயோர்க்கிற் கூடி அதன் எதிர்காலத்தை முடிவு செய்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கை இராசதந்திரி ஜயந்த தனபால. வாக்கெடுப்பின்றி ஒப்பந்தம் காலவரையறையற்று நீடிக்கப்பட்டது. அதனுடன் ஆயுதக் களைவுக்கான கோட்பாடுகளும், மத்திய கிழக்கைப் பேரழிவு ஆயுதங்களற்ற வலயமாக்கும் தீர்மானமும் ஏற்கப்பட்டன. அவ்வலயம் இன்றுவரை உருவாகவில்லை. 'கடமையை நிறைவேற்றாவிடின் ஒப்பந்தத்தைப் புதுப்பியோம்' என்று கூறும் வாய்ப்பை ஆயுதமற்ற நாடுகள் அன்று இழந்துவிட்டன. 2015லும் 2022லும் நடைபெற்ற மீளாய்வு மாநாடுகள் இணக்க அறிக்கை எதுவுமின்றியே கலைந்தன.

ஆறாம் உறுப்புரையின் பொருளைச் சட்டநோக்கில் தெளிவாக்கியது சர்வதேச நீதிமன்றமேயாகும். 1996 யூலை 8ஆந் திகதி அது வழங்கிய ஆலோசனைக் கருத்தில், அணுவாயுதப் பிரயோகம் பொதுவாகச் சட்டவிரோதமானது எனக் கூறப்பட்டது. எனினும் ஓர் அரசின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் இறுதி நிலையிலான தற்பாதுகாப்புப் பற்றித் திட்டமாக முடிவு கூற இயலாது எனவும் நீதிமன்றம் கருதியது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் தலைவரின் வாக்கே இதனைத் தீர்மானித்தது. இவ்விதிவிலக்கை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் இலங்கையரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. எச்சூழ்நிலையிலும் அணுவாயுதம் சட்டவிரோதமானதே என்பது அவர் தீர்ப்பு. பேரழிவு ஆயுதங்களுக்கு இராமாயணமும் மகாபாரதமும் விதித்த தடையையும் அவர் சான்றாகக் காட்டினார். நீதிபதிகள் அனைவரும் உடன்பட்ட விடயங்களுள் ஒன்று இது: பேச்சுவார்த்தை நடத்துவது மட்டுமன்றி, அதனை முடிவுக்குக் கொண்டுவருவதும் அரசுகளின் கடமையாகும்.

1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த அணுவாயுதங்கள் இன்று ஏறத்தாழ 12,000 ஆகக் குறைந்துள்ளன என்பது உண்மையே. ஆனால் வல்லரசுகளின் உறவு சீராக இருந்தபோது கிடைத்த இக்குறைப்பு, உறவு கெடும்போது நிலைப்பதில்லை. இடைத்தூர ஏவுகணைகளை ஒழித்த 1987ஆம் ஆண்டின் உடன்படிக்கை 2019இல் முடிவுற்றது. தொலைதூர ஆயுதங்களுக்கு எல்லை வகுத்த 2010ஆம் ஆண்டின் உடன்படிக்கையிற் பங்கேற்பதை ரஷ்யா 2023இல் இடைநிறுத்தியது. 1996இல் ஏற்கப்பட்ட முழுமையான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இந்நிலையிலேயே 2017 யூலை 7ஆந் திகதி 122 நாடுகளின் வாக்குகளால் அணுவாயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. 2021 சனவரி 22ஆந் திகதி நடைமுறைக்கும் வந்தது. இலங்கை 2023இல் அதிற் சேர்ந்தது. ஆயுதமுடைய ஒன்பது நாடுகளுள் எதுவும் சேராமையால் இது ஒரு குண்டையேனும் உடனடியாகக் குறைக்கப் போவதில்லை. ஆயினும் உயிரியல், இரசாயன ஆயுதங்கள் ஏற்கெனவே சட்டத்தால் விலக்கப்பட்டமை போல, அணுவாயுதமும் எவர் கையிலிருப்பினும் விலக்கத்தக்கதே என்னும் நிலைப்பாட்டை இது சட்டமாக்கியுள்ளது.

ஆயுதக் களைவை வல்லரசுகளின் பெருந்தன்மையாக நோக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். அது ஒப்பந்தத்திற் சேர்ந்து அவை ஏற்ற கடன். தம் பங்கை நிறைவேற்றிய சிறு நாடுகள் அக்கடனை ஒவ்வோர் அரங்கிலும் கேட்டுப் பெற முயல வேண்டும். அவ்வாறு கேளாதிருப்பின், ஆயுதமின்றி இருப்பது பேதைமை என்னும் எண்ணம் மேலும் பல தலைநகரங்களில் வேர்கொள்ளும். அப்போது பரவல் தடையும் நிலைக்காது.