இரண்டு சதக் காசும் வெள்ளைக் கொடியும்

எங்கள் அம்மாயியின் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, புகையிலைத் துண்டோடு ஒரு காசும் கிடக்கும். விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்திருக்கும் இரண்டு சதக் காசு. 1957 என்று வருடம் போட்டிருக்கும். ஒரு பக்கத்தில் இளவயது எலிசபெத் மகாராணியின் முகம். நாங்கள் கேட்டால் கையில் வைத்துக் காட்டும். "இதுதான் அப்ப நம்ம ராணி" என்று சொல்லும்.

அந்தக் காசு புழங்கிய காலத்தில் அம்மாயிக்கு ராணி இருந்தார். நாடு இருக்கவில்லை.

2022 செப்டெம்பர் 8ஆம் திகதி மகாராணி காலமான செய்தி கைத்தொலைபேசியில் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் காசுதான். அரசாங்கம் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னது. இறுதிக் கிரியை நடந்த செப்டெம்பர் 19ஆம் திகதி தேசிய துக்க தினமாக அறிவிக்கப்பட்டு, அரச அலுவலகங்களுக்கு விடுமுறையும் விடப்பட்டது. பிள்ளைகள் கேட்டார்கள்: "இங்கிலாந்து ராணி செத்ததுக்கு நம்ம நாட்டுல ஏன் துக்கம்?"

நியாயமான கேள்வி. 1952 முதல் 1972 வரை அவர் இங்கிலாந்துக்கு மட்டும் ராணியல்ல, இலங்கைக்கும் அவரே அரசத் தலைவர். 1972 மே 22இல் இந்த நாடு குடியரசானபோதுதான் அந்த உறவு அறுந்தது. முன்னாள் அரசத் தலைவர் ஒருவருக்கு நாடு துக்கம் அனுஷ்டிப்பது முறைதான். ஆனால் "நாடு" என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள் என்பதை மலையகத் தோட்ட ஊரான எங்கள் நோர்வூட்டில் நின்று பார்த்தால், அன்றைய துக்கமும் இன்றைய துக்கமும் ஒன்றாகத் தெரிவதில்லை.

அன்று

1952ஆம் ஆண்டு இலங்கை இரண்டு பெரிய மரணங்களைக் கண்டது. பெப்ரவரி 6இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இறந்தார். சுதந்திரம் கிடைத்த பின்னும் அவரே இலங்கையின் மன்னர். அடுத்த மாதம் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்த பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, மார்ச் 22இல் காலமானார். ஏழு வாரத்துக்குள் நாடு இரண்டு தடவை தலை குனிந்தது.

அப்போதெல்லாம் தோட்டத்துக்கு எந்தச் செய்தியும் மேலிருந்துதான் இறங்கும். வானொலிப் பெட்டி துரை பங்களாவிலும் உத்தியோகத்தர் வீடுகளிலும் இருந்தது. அங்கிருந்து கணக்கப்பிள்ளைக்கு, அவரிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வந்து சேரும். மன்னர் இறந்தாலும் மந்திரி இறந்தாலும் லயத்து ஜனங்கள் அதைக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஜனங்களுக்கு அப்போது குடியுரிமை இல்லை. 1947 தேர்தலில் மலையகம் வாக்களித்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து போனவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது சேனாநாயக்கவின் அரசாங்கம். 1949இல் வாக்குரிமையும் போனது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர் ஆனார்கள்.

பிரதமரின் சிதையில் சூடு ஆறி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1952 ஏப்ரல் 28இல் காங்கிரஸ்காரர்கள் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். நான்கு மாதத்துக்கும் மேல் நீண்ட அந்தப் போராட்டத்துக்கு நடுவே மே மாதப் பொதுத் தேர்தல் வந்தது. தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலோருக்கு அதில் வாக்கு இல்லை.

மகாராணியின் காலத்திலும் கதை மாறவில்லை. 1954 ஏப்ரலில் அவர் இலங்கைக்கு வந்து பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் திறந்து வைத்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் எங்களை என்ன செய்வது என்று நேரு–கொத்தலாவல ஒப்பந்தம் கையெழுத்தானது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று வீடுகள் உடைந்தன. ஹட்டன் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் பலர் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இதற்கெல்லாம் மகாராணியைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டம் செய்ததும் ஒப்பந்தம் போட்டதும் கொழும்பும் டெல்லியும்தான். ஆனால் அரசு அவர் பெயரில்தான் நடந்தது. அம்மாயி அவரை "நம்ம ராணி" என்றது. அவருடைய அரசு அம்மாயியை "நம்மவள்" என்று சொல்லவில்லை.

இன்று

2020 மே 31. நோர்வூட் மைதானம். மூன்று வருடத்துக்கு முன், 2017 மே 12இல், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து பேசியபோது நிரம்பி வழிந்த அதே மைதானம். இந்தத் தடவை அங்கே சிதை அடுக்கியிருந்தது. மே 26இல் திடீரென்று காலமான அமைச்சர் ஆறுமுகன் தொண்டமானின் உடல் கொழும்பிலிருந்து றம்பொடை வேவண்டனுக்கும், அங்கிருந்து கொட்டகலைக்கும், கடைசியாக நோர்வூட்டுக்கும் வந்தது. கொரோனாவும் ஊரடங்குச் சட்டமும் இருந்த நேரம். கூட்டம் கூட விடவில்லை. ஜனங்கள் தெருவோரத்தில் இடைவெளி விட்டு நின்று கும்பிட்டார்கள். அரச மரியாதையோடு தகனம் நடந்தது.

அவருடைய அரசியலில் உடன்பாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அந்த விவாதம் வேறு. தாத்தா சௌமியமூர்த்தியின் வாக்காளர்களை 1949இல் பட்டியலிலிருந்து வெட்டிய அரசு, பேரனின் உடலுக்கு 2020இல் நோர்வூட் மண்ணில் வந்து மரியாதை செலுத்தியது. எழுபது வருடத்தில் நடந்த மாற்றம் அது. அதை யாரும் இனாமாகத் தரவில்லை. 1988இல் ஒரு குடியுரிமைச் சட்டம், 2003இல் இன்னொரு சட்டம் என்று துண்டு துண்டாகப் போராடி வாங்கியது.

மகாராணிக்கான துக்க தினத்தில் மலையேறிய கொழுந்துக்காரிகளின் நிலையும் அப்படித்தான். நாட்டையே விழுத்திய பொருளாதார நெருக்கடியின் வருடம் அது. மாவும் மண்ணெண்ணெயும் வாங்க ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் காணவில்லை. ஆனாலும் இந்தத் தடவை அவர்கள் இந்த நாட்டின் பிரஜைகள். அரைக்கம்பத்தில் பறந்த கொடி அவர்களுடைய கொடி. துக்கம் காக்கவும், காக்காமல் இருக்கவும், ஏன் என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. 1952இல் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை.

எஞ்சியிருப்பது

டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளில் பெயரும் வயதும் வெட்டிய எழுத்து இன்றும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. பொகவந்தலாவைத் தேவாலயத்தில் 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைத் தேடி வெளிநாட்டவர் வருகிறார்கள். அதே மலைகளில் காடு வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்டுச் செத்தவர்களுக்கு மண்மேடு மட்டும்தான். இரண்டு மழைக்காலம் போனால் அதுவும் கரைந்துவிடும்.

2023 ஜூலை 28இல் தொடங்கி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் அந்த மனிதர்களை நினைத்துத்தான் நடந்தார்கள். மலையக மக்கள் இந்தத் தீவுக்கு வந்து 200 வருடம் என்று பதினாறு நாள் நடை. அந்த வழியில் விழுந்து செத்தவர்களுக்கு யாரும் ஒரு நாளும் கொடியை இறக்கியதில்லை. ராணிக்கு ஒரு நாள் ஒதுக்கத் தெரிந்த நாடு, தன் தேயிலைக்கு உரமாகிப் போனவர்களுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இதை நான் இரக்கமாகக் கேட்கவில்லை, கணக்காகக் கேட்கிறேன்.

அம்மாயி செத்தபோது தெரு முனையிலிருந்து எங்கள் லயம்வரை வெள்ளைக் கொடி கட்டினார்கள். மரண சகாய சங்கத்துக் காசில் பெட்டி வந்தது. அரை நாளோடு மலையிலிருந்து இறங்கியவர்கள் கொழுந்துக் கறை படிந்த விரலோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தப்புச் சத்தம் ஆற்றங்கரைவரை கேட்டது. எங்களுக்குத் தெரிந்த அரச மரியாதை அதுதான். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்த இரண்டு சதக் காசு இப்போது அம்மாவின் அலுமாரியில் ஒரு கடித உறைக்குள் இருக்கிறது. கூடவே அம்மாயியின் தேசிய அடையாள அட்டை. வயது போன காலத்தில் கிடைத்தது. காசில் ராணியின் முகம் தேய்ந்து மூக்கும் வாயும் மங்கிவிட்டன. அட்டையில் மூக்குத்தியோடு அம்மாயி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.