தருமபுரி மாவட்டப் புளோரைடு நீர்: வேளாண்மை, உணவு, சுற்றுச்சூழல் கலைச்சொற்கள்

புளோரைடு நீர் என்பது, குடிநீருக்கு வகுக்கப்பட்ட அளவைவிட மிகுதியாகப் புளோரைடு கரைந்துள்ள நீர். தமிழ்நாட்டில் இச்சிக்கல் நெடுங்காலமாக அறியப்பட்ட பகுதிகளுள் தருமபுரி மாவட்டம் ஒன்று. நிலத்தடி நீரை எடுப்பது வேளாண்மை, அதில் புளோரைடு சேர்வது சுற்றுச்சூழல், அது உடலுக்குள் செல்வது குடிநீரும் உணவும் என்பதால், இதைப் புரிந்துகொள்ள மூன்று துறைகளின் சொற்களும் தேவைப்படுகின்றன. அவற்றுள் சில அன்றாடப் பேச்சில் வேறு பொருளில் வழங்குகின்றன. பொருள் மாறும்போது தீர்வும் தவறிவிடுகிறது. இக்கட்டுரை அச்சொற்களைத் தருமபுரியின் நிலையைக் கொண்டு விளக்குகிறது.

பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரியில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மேற்கே ஒகேனக்கல்லில் காவிரியும் கிழக்கே தென்பெண்ணையும் ஓடினாலும், மாவட்டத்தின் பெரும்பகுதி மழையையும் கிணறுகளையும் நம்பியுள்ளது. நிலத்தின் அடியில் இருப்பவை கிரானைட், நைசு, சார்னோகைட்டு போன்ற கடினப் பாறைகள்.

இந்தியாவில் புளோரைடால் வரும் நோய் முதன்முதலில் 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவ முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பின்னர் நாட்டின் பல மாநிலங்களில் இந்நோய் கண்டறியப்பட்டது.

வேளாண்மைச் சொற்கள்

மானாவாரி: மழையை மட்டுமே நம்பிச் செய்யும் சாகுபடி. தருமபுரியின் புன்செய் நிலங்களில் கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை இம்முறையில் விளைகின்றன. மானாவாரிப் பயிர் நிலத்தடி நீரை எடுப்பதில்லை.

இறவைப் பாசனம்: கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ நீரை இறைத்துப் பாய்ச்சுவது. பாலக்கோடு பகுதியின் தக்காளி, மாவட்டத்தின் பட்டுப்புழு வளர்ப்புக்கான மல்பெரி, கரும்பு, மஞ்சள் ஆகியவை பெரும்பாலும் இறவையைச் சார்ந்தவை. விவசாயிக்குக் கையில் பணம் தருவதும் இவையே. ஆகவே இறவையைக் குறைப்பது வெறும் தொழில்நுட்ப முடிவன்று; குடும்ப வருமானத்தோடு பிணைந்த முடிவு.

திறந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும்: திறந்த கிணறு, மேற்பரப்பை ஒட்டிய சிதைந்த பாறைப் பகுதியில் தேங்கும் நீரைத் தருகிறது. இது ஒவ்வொரு மழைக்கும் ஊறும் நீர். ஆழ்துளைக் கிணறோ கடினப் பாறையின் விரிசல்களில் உள்ள நீரை எட்டுகிறது. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரில் தாதுக்கள் மிகுதியாகக் கரைந்திருக்க வாய்ப்புண்டு. இதனால் ஒரே ஊரில் இரண்டு கிணறுகளின் புளோரைடு அளவு வெகுவாக வேறுபடலாம். ஒவ்வொரு ஆதாரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சுற்றுச்சூழல் சொற்கள்

நீர்த்தாங்கி: நீரைத் தேக்கி வைத்து, கிணறுகளுக்கு வழங்கக்கூடிய மண் அல்லது பாறை அடுக்கு. ஆற்றுப் படுகையின் மணல் அடுக்கு நீரை எளிதில் வாங்கி எளிதில் தரும். கடினப் பாறையில் நீர் இருப்பது விரிசல்களில் மட்டுமே. எனவே தருமபுரியின் நிலத்தடி நீரைப் பரந்த ஏரி போலக் கற்பனை செய்யக் கூடாது. அது ஒன்றோடொன்று ஓரளவே தொடர்புள்ள சிறு தேக்கங்களின் தொகுதி.

செறிவூட்டல்: மழைநீர் நிலத்துக்குள் இறங்கி நீர்த்தாங்கியை நிரப்புதல். ஏரி, குளம், தடுப்பணை, பண்ணைக்குட்டை ஆகியவை இதற்கு உதவுகின்றன. உள்ளே இறங்கும் மழைநீர், அளவைக் கூட்டுவதோடு புளோரைடையும் நீர்க்கச் செய்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இது பயன் தருவதில்லை. செறிவூட்டிய பின்பும் நீரைச் சோதித்தே பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பான பகுதி: நிலத்தடி நீர் மதிப்பீட்டில், ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு பகுதிகள் வகைப்படுத்தப்படுகின்றன. 70 விழுக்காடு வரை எடுத்தால் 'பாதுகாப்பானது', 70 முதல் 90 வரை 'மிதமான அபாயம்', 90 முதல் 100 வரை 'அபாயம்', 100-ஐத் தாண்டினால் 'அதிநுகர்வு'. இங்கே 'பாதுகாப்பானது' என்பது நீரின் அளவைப் பற்றியது மட்டுமே. அந்த நீரைக் குடிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. 'பாதுகாப்பான' குறுவட்டம் ஒன்றிலும் புளோரைடு மிகுந்த கிணறு இருக்கக்கூடும்.

மாசு: பொதுவழக்கில் மாசு என்றால் ஆலைக்கழிவு, சாக்கடை, பூச்சிக்கொல்லி போன்று மனிதர் சேர்த்த அழுக்கு. தருமபுரியின் புளோரைடு முதன்மையாக அத்தகையதன்று. பாறையில் உள்ள புளோரைட்டு, அப்பட்டைட்டு, பயோட்டைட்டு முதலிய கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. இதைப் புவிசார் கலப்பு எனலாம். ஆலையொன்றை மூடினால் நிற்கும் சிக்கல் அன்று இது; நீரின் ஆதாரத்தை மாற்றுவதோ, நீரைச் சுத்திகரிப்பதோதான் வழி. அதே சமயம் இதை முழுதும் இயற்கையின் செயல் என்று ஒதுக்கவும் முடியாது. மேல்மட்ட நீர் வற்றும்வரை இறைத்து, ஆழத்து நீரைக் குடிக்கும் நிலைக்கு வந்ததில் மனிதர் பங்கும் உண்டு.

நீர்த்தரச் சொற்கள்

ஏற்கத்தக்க அளவும் அனுமதிக்கத்தக்க அளவும்: இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்க அளவு. வேறு ஆதாரமே இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம்தான். ஆகவே 1.5 என்பது அடைய வேண்டிய இலக்கு அன்று. தாண்டக் கூடாத எல்லை.

நல்ல தண்ணீர்: நாவில் உப்புச் சுவை தெரியாத, பருப்பு எளிதில் வேகும் நீரை மக்கள் நல்ல தண்ணீர் என்கின்றனர். இது கால்சியம், மக்னீசியம் குறைந்த மென்னீர். புளோரைடைப் பொறுத்தவரை இந்த அடையாளம் தவறாகவும் போகலாம். கால்சியம் மிகுந்த நீரில் புளோரைடு கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடுவதால், அதன் அளவு ஓரளவுக்கு மேல் உயர்வதில்லை. கால்சியம் குறைந்து பைகார்பனேட்டு மிகுந்த நீரில் அத்தடை இல்லை. எனவே சுவையான கிணற்று நீரிலும் புளோரைடு மிகுந்திருக்கலாம்.

சுத்தமான நீர்: தெளிந்த, நாற்றமற்ற, கிருமியற்ற நீர் என்ற பொருளில் இச்சொல் வழங்குகிறது. புளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும்; புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதும் பயன் தராது. மொத்தக் கரைந்த உப்பைக் காட்டும் கைக்கருவியும் புளோரைடைத் தனியே காட்டாது. ஆய்வகச் சோதனையோ, புளோரைடுக்கென உள்ள களச்சோதனைப் பெட்டியோ தேவை.

செறிவும் உட்கொள்ளளவும்: ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு புளோரைடு என்பது செறிவு. ஒருவர் உடலுக்குள் ஒரு நாளில் எவ்வளவு செல்கிறது என்பது உட்கொள்ளளவு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள நீரை நிழலில் அமர்ந்து பணிபுரிபவர் 2 லிட்டர் குடித்தால் 4 மில்லிகிராம் உள்ளே போகிறது. வெயிலில் களை எடுப்பவர் அதே நீரை 5 லிட்டர் குடித்தால் 10 மில்லிகிராம். நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமைத் தாண்டும்போது எலும்புப் பாதிப்புக்கான அறிகுறிகள் கூடுவதாகவும், 14 மில்லிகிராமில் ஆபத்து தெளிவாகத் தெரிவதாகவும் பன்னாட்டு மதிப்பீடுகள் கூறுகின்றன. ஒரே ஊரில் ஒரே நீரைக் குடித்தும் உழைப்பாளிகளே அதிகம் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

உடல்நலச் சொற்கள்

பற்புளோரைடு நோய்: ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகுதியான புளோரைடு பற்சிப்பியின் அமைப்பைக் குலைப்பதால் வருவது. முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளும் கோடுகளும் தோன்றும். கடுமையானால் மஞ்சள், பழுப்பு நிறமும் குழிகளும் உண்டாகும். பல்லின் மேல் படியும் கறையும் காறையும் வேறு. அவற்றைத் தேய்த்தோ மருத்துவரிடம் சுத்தம் செய்தோ அகற்றலாம். புளோரைடுத் திட்டு பல்லுக்குள்ளேயே இருப்பது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. 'பல் துலக்காத பிள்ளை' என்று ஒரு குழந்தையைக் கடிந்துகொள்வது அது செய்யாத தவற்றுக்குத் தண்டிப்பதாகும். பள்ளிக் குழந்தைகளின் பற்கள் ஊரின் நீரைப் பற்றிய முதல் எச்சரிக்கை என்பதால், புளோரைடு நோய்த் தடுப்புப் பணிகளில் பள்ளிகளில் பற்களைப் பார்வையிடுவது முக்கிய இடம் பெறுகிறது.

எலும்புப் புளோரைடு நோய்: பல ஆண்டுகள் புளோரைடு எலும்பில் சேர்வதால் உண்டாவது. கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் விறைப்பும் வரும். முற்றிய நிலையில் தசைநார்களில் கால்சியம் படிந்து, குனியவோ குந்தவோ இயலாமல் போகலாம். முதுமையின் மூட்டுவலி என்று எண்ணி விட்டுவிட எளிதான நோய் இது. நல்ல நீருக்கு மாறினால் மேலும் மோசமாவதைத் தடுக்கலாம். விறைத்துப்போன எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை. எனவே இந்நோயில் தடுப்புதான் சிகிச்சையைவிட முதன்மையானது.

உணவுச் சொற்கள்

சமையல் நீர்: குடிநீரை மாற்றிவிட்டு, சமையலுக்குப் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தினால் பயன் பாதியாகிறது. இம்மாவட்டத்தின் அன்றாட உணவான களி, மாவின் எடையைவிட மிகுதியான நீரை உள்வாங்கிக்கொள்கிறது. சோறு, கூழ், குழம்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அந்நீரின் புளோரைடு உணவோடு உள்ளே செல்கிறது.

கால்சியமும் உயிர்க்கிடைப்பும்: உணவில் கால்சியம் போதிய அளவு இருந்தால், குடலில் புளோரைடின் ஒரு பகுதி அதனோடு பிணைந்து வெளியேறிவிடும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தானியங்களில் இது மிக அதிகம். ஆனால் உணவில் இருப்பது அனைத்தும் உடலில் சேர்வதில்லை. சேரும் பங்கையே உயிர்க்கிடைப்பு என்பர். கேழ்வரகில் உள்ள பைட்டேட்டு கால்சியம் சேர்வதைத் தடுக்கிறது; முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் அத்தடையைக் குறைக்கின்றன. பால், மோர், கீரை ஆகியவையும் நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி மிகுந்த கனிகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை துணை மட்டுமே. கெட்ட நீரைக் குடித்துக்கொண்டே உணவால் ஈடுசெய்ய முடியாது. தேநீர், பாக்கு, கறுப்பு உப்பு ஆகியவற்றில் புளோரைடு உண்டு என்பதால் பாதிப்புள்ள பகுதிகளில் அவற்றைக் குறைக்கச் சொல்கின்றனர்.

தீர்வுச் சொற்கள்

மாற்று ஆதாரம்: புளோரைடு குறைந்த வேறு நீரைக் கொண்டுவருதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் இதை நிறைவேற்றியது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரூ.1,928.80 கோடி மதிப்பிலான இத்திட்டம் 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களுக்கும் ஊர்களுக்கும் வழங்கப்படுகிறது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயர் இடம்பெற்றிருப்பது அதன் நோக்கத்தைக் காட்டுகிறது.

கலப்பு வழங்கல்: நீர் போதாதபோது, ஆற்று நீரையும் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்து வழங்குதல். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீரையும் 3 மில்லிகிராம் உள்ள நீரையும் சரிபாதியாகக் கலந்தால் கிடைப்பது 1.65 மில்லிகிராம். இது எல்லையைத் தாண்டிய அளவு. குழாயில் நீர் வருகிறதா என்பதோடு, எந்த நீர் வருகிறது என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.

புளோரைடு நீக்கம்: நீரிலிருந்து புளோரைடைப் பிரித்தெடுத்தல். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நளகொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி, திரளும் படிவோடு புளோரைடையும் அடியில் தங்கவைத்து, தெளிந்த நீரை எடுப்பர். செயலூட்டிய அலுமினா வடிப்பான் புளோரைடைத் தன்மேல் பற்றிக்கொள்ளும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்காவிட்டால் பயன் நின்றுவிடும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறை புளோரைடை நன்கு நீக்கும். ஆனால் அது ஒதுக்கும் நீரில் புளோரைடு செறிந்திருக்கும். அந்த நீரைக் கால்நடைக்கோ சமையலுக்கோ பயன்படுத்தக் கூடாது. எந்த முறையானாலும், கருவியை நிறுவுவதோடு பணி முடிவதில்லை. வெளிவரும் நீரை அவ்வப்போது சோதிப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.