உருளைக்கிழங்குக்கு எந்தச் செடி துணை?

செண்டுமல்லி நடுங்கள், பூண்டு போடுங்கள், உருளைக்கிழங்கில் பூச்சி வராது என்று சொல்லும் பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் பல நமக்காக எழுதப்பட்டவை அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிழங்குச் செடியை இலையில்லாமல் மொட்டையடிப்பது கொலராடோ வண்டு. அதை விரட்டத்தான் அங்கே பல செடிகளைச் சிபாரிசு செய்கிறார்கள். அந்த வண்டு இந்தியாவில் இல்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கிழங்கு போடுகிறவருக்குத் தொல்லை தருபவை அசுவினி, அந்துப்பூச்சி, வெட்டுப்புழு, வேர்ப்புழு ஆகியவை. எந்தப் பூச்சி என்று தெரிந்த பிறகுதான் எந்தச் செடி என்று கேட்க வேண்டும்.

துணைச்செடி நன்றாகக் கைகொடுப்பது அசுவினி விஷயத்தில். அது சாறு உறிஞ்சுவதைவிட, சுமந்து வரும் வைரஸ்தான் பெரிய கேடு. இலை தேமல் கண்டு சுருங்கும், கிழங்கு சிறுக்கும். அந்தக் கிழங்கையே விதைக்கு எடுத்தால் அடுத்த போகத்துக்கும் நோய் தொடரும். ‘ஒய்’ வைரஸ் அசுவினியின் ஊசி போன்ற வாய் நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நோயுற்ற செடியைச் சில விநாடி குத்தினாலே தொற்றிக்கொள்ளும். ஆனால் அதே அசுவினி வேறு இனச் செடிகளில் சில முறை குத்திப் பார்த்தால் அந்த வைரஸ் நீங்கிவிடும். பறந்து வரும் அசுவினி, வெறும் மண்ணும் பச்சைப் பயிரும் சந்திக்கிற விளிம்பில்தான் அதிகம் இறங்குகிறது. அந்த விளிம்பில் கிழங்குக்குப் பதில் வேறு பயிர் நின்றால் அது தன் வாயை அங்கேயே துடைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பகுதியில் 1990களில் விதைக்கிழங்கு வயல்களைச் சுற்றிச் சோயா, சோளம், கோதுமை விதைத்துப் பார்த்தார்கள். உள்ளே நோய் குறைந்தது. இதில் இரண்டு கவனம் வேண்டும். ஓரப்பயிருக்கும் கிழங்குக்கும் நடுவே வெற்று மண் விடக்கூடாது. விட்டால் அதுவே புது விளிம்பாகிவிடும். கிழங்கு முளைத்து வரும்போதே ஓரப்பயிர் பச்சையாக நிற்கும்படி முன்கூட்டியே விதைத்துவிட வேண்டும். இலைச்சுருள் வைரஸுக்கு இந்த உபாயம் பலிக்காது. அது அசுவினியின் உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, வாயைத் துடைத்தாலும் போகாது.

வெங்காயம், பூண்டு வாசனை அசுவினியைக் குழப்புவது உண்மைதான். ஆனால் வரிசைக்கு வரிசை ஊடுபயிராகப் போட்டால்தான் பலன் தெரியும். பாத்தி மூலையில் நாலு பூண்டு ஊன்றிப் பயனில்லை.

அந்துப்பூச்சி வேறு கதை. 1906இல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. இலையிலும், மண்ணுக்கு வெளியே தெரியும் கிழங்கின் கண்ணிலும் முட்டையிடும். கண்ணருகே கறுப்பாகத் துகள் ஒட்டியிருந்தால் உள்ளே புழு குடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பூச்செடி வைத்தால் ஒட்டுண்ணிக் குளவிகள் தேன் குடிக்க வந்து புழுவை அழிக்கும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் கொத்தமல்லி போன்ற பூச்செடிகளை வயலருகே வைத்துச் சோதித்தபோது குளவியின் தாக்குதல் கூடியது, ஆனால் பூக்களை ஒட்டிய கிழங்குச் செடிகளில் சேதமும் கூடியது. அந்துப்பூச்சியும் அதே தேனைக் குடித்திருக்கிறது! ஆகவே அந்துக்கு முதல் வைத்தியம் கிழங்கு வெளியே தெரியாதபடி நன்றாக மண் அணைப்பதுதான். செடியின் உதவி தேவைப்படுவது கிழங்கைச் சேமிக்கும்போது. காட்டை நெருக்கி வளரும் உண்ணிச்செடியின் இலையைக் காயவைத்து, விரற்கடை கனத்துக்குக் கிழங்கின் மேல் பரப்பினால் அந்து முட்டையிட நெருங்குவது குறையும்.

பக்கத்தில் வைக்கக்கூடாத செடிகளும் உண்டு. தக்காளி, கத்திரி, புகையிலை மூன்றும் கிழங்கின் பங்காளிகள். அந்துப்பூச்சி அவற்றையும் தாக்கும். கடுகு, முட்டைக்கோசு வகைகளில் அசுவினி பெருகும், ஆகவே விதைக்கிழங்கு வயலுக்கு அருகில் அவை வேண்டாம். வெட்டுப்புழுவையும் வேர்ப்புழுவையும் துணைச்செடி தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஓரப்பயிர் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இராமல், வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கிச் செடியின் கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பச்சை அசுவினி முதலில் கூடுவது அங்கேதான்.