புறவாசல் மரத்து நாரைகள்

பறவைக் காலத்தில் கூந்தன்குளத்துக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பது மீன் கவிச்சிதான். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய ஊர். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுவது பெரிய அதிசயமில்லை. தெருவுக்குள் வந்து வீட்டோரத்து மரத்திலும் கட்டுகின்றனவே, அதுதான் இந்த ஊரின் சிறப்பு. கீழே ஒருவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

சரணாலயமாவதற்கு முன்பு, அன்று இங்கே அறிவிப்புப் பலகையும் கிடையாது, காவலரும் கிடையாது. ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே காவல். கூட்டில் கை வைக்கக் கூடாது. பறவை மிரளும்படி வெடி போடக் கூடாது. தீபாவளிக்கும் வெடிக்காத ஊர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். பறவை வந்தால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாயிருக்கும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குள் வயல்காட்டுக் கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் குளத்து வண்டலில் சேரும். அந்த வண்டலைவிட நல்ல உரம் ஏது? காயப்போட்ட துணியில் எச்சம் விழுந்தால் திரும்பத் துவைத்தார்கள். பறவையை யாரும் விரட்டவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளை எந்த வீட்டில் விரட்டுவார்கள்?

1994இல் கூந்தன்குளமும் அடுத்திருக்கும் காடன்குளமும் சேர்த்துப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு சுமார் 129 ஹெக்டேர். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இன்று காட்சிக் கோபுரம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து பனிக்காலத்தைக் கழிக்க வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 2011 முதல் தாமிரபரணி வட்டாரக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் கூடி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இந்த அக்கறை அன்று இல்லாதது. மனதார வரவேற்க வேண்டியது.

ஆனால் மாறாத காட்சி ஒன்று உண்டு. உச்சி வெயிலில் ஒரு மஞ்சள்மூக்கு நாரைக் கூட்டுக்குக் கீழே அரைமணி நேரம் நின்று பாருங்கள். தாய்ப்பறவை சிறகுகளைப் பாதி விரித்து, சூரியனுக்கு முதுகைக் கொடுத்து, குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். இணை வந்து இறங்கியதும் வாய்திறந்து கூவாது. அலகுகள் ஒன்றோடொன்று மோதும் கடகடச் சத்தம்தான் அதன் பேச்சு. வந்த பறவை கழுத்தை வளைத்து, விழுங்கி வந்த மீன்களைக் கூட்டுக்குள் கக்கும். சாம்பல் நிறக் குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு விழுங்கும். ஒன்றிரண்டு மீன் நம் காலடியில் விழும். அந்தக் கவிச்சியைப் பொறுத்துக்கொண்ட மக்கள்தான் இந்தச் சரணாலயத்தை முதலில் உண்டாக்கியவர்கள்.

மாறியது தண்ணீரும் மரமும். மழையையும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் நீரையும் நம்பியிருக்கிற குளம் இது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தமிழகமே வறண்டது. 2023 டிசம்பரில் இதே மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. குளம் காய்ந்தால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் கூடும் இல்லை. இன்னொரு பக்கம், ஓட்டு வீடு மாடி வீடாகும்போது புறவாசலில் மரத்துக்கு இடம் சுருங்குகிறது. கடையில் உர மூட்டை கிடைக்கும் காலத்தில் வண்டலின் அருமையும் குறைகிறது. வீடு கட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல வீடு அவருடைய உரிமை.

ஒன்றைத்தான் நாம் மறந்துவிட்டோம். சரணாலயத்தின் எல்லை குளத்தோடு நின்றுவிடுகிறது. நாரையின் எல்லை வீட்டு மரம் வரைக்கும் வருகிறது. அந்த மரம் நிற்பதோ பட்டா நிலத்தில். கர்நாடகத்தின் கொக்கரெபெல்லூரிலும் இப்படித்தான் நாரைகள் ஊருக்குள் கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும் புளிய மரத்தில் புளி உலுக்காமல் விடும் உரிமையாளருக்கு அங்கே வனத்துறை இழப்பீடு தருகிறது. கூடு தாங்கும் வீட்டு மரம் ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு கைம்மாறு கிடைக்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹாரன் அடிக்காமல், பறவைகளை எழுப்பிவிட்டுப் படம் எடுக்காமல், அமைதியாகப் போய் வாருங்கள். பறவைகளுக்காகத் தன் தீபாவளியையே சத்தமில்லாமல் கொண்டாடிய ஊர் அது.